வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது... லேப்டாப்பை மாற்ற வேண்டுமா?

வலைவரப்பு - கேள்வி பதில்

''இரண்டு ஏக்கரில் மக்காச்சோளம் போட்டிருக்கிறோம். விதைத்து 22 நாள் ஆகிறது. குருத்து இலையில் வரிசையாக ஓட்டை விழுந்திருக்கிறது. படைப்புழுவா என்று தெரிந்துகொள்ள, மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச லேப்டாப்பில் வீடியோ போட்டால், அரை நிமிடம் ஓடிவிட்டு வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. வேறொரு தளத்தில் போட்டால், 'உங்கள் வீடியோ பிளேயர் பழையது, புதுப்பிக்க இங்கே அழுத்தவும்' என்று வருகிறது. கம்ப்யூட்டர் கடைக்காரர், 'எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும், 1,500 ரூபாய் ஆகும்' என்கிறார். கொடுக்கலாமா? அல்லது பிளேயரைப் புதுப்பித்தால் போதுமா? லேப்டாப்பில் இருப்பது விண்டோஸ் 7, ராம் 2 ஜி.பி.''

- வாசகி, வேப்பந்தட்டை வட்டம், பெரம்பலூர் மாவட்டம்.

சகோதரி, கடிதத்தில் உங்கள் எண் இருந்ததால் அன்று மாலையே பேசிவிட்டோம். இதழ் வரும்வரை மக்காச்சோளம் காத்திருக்காது அல்லவா? அன்று நாம் பேசியதை மற்ற வாசகர்களுக்காக இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி வேறு வேறு பயிரின் பெயரில் மாதத்துக்கு நாலைந்து வருகிறது.

முதலில் உங்களிடம் சொன்னது, லேப்டாப்பை மூடிவிட்டு வயலுக்குப் போங்கள் என்பதுதான். படைப்புழுவை அடையாளம் காண வீடியோ கட்டாயம் இல்லை. குருத்தை விரித்துப் பார்த்தால் ஈர மரத்தூள் மாதிரி எச்சம் இருக்கும். உள்ளே இருக்கும் புழுவின் தலையில், கவட்டையைத் தலைகீழாகப் பிடித்ததுபோல வெளிறிய கோடு தெரியும். வால் பக்கம், கடைசிக்கு முந்தைய பகுதியில் நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக இருக்கும். இந்த இரண்டும் இருந்தால் படைப்புழு. செல்போனில் ஒரு போட்டோ எடுத்து உதவி வேளாண்மை அலுவலருக்கு அனுப்பலாம். அவர் கிடைக்கவில்லை என்றால் கிசான் கால் சென்டர், 1800 180 1551. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். மறுநாள் காலையில் நீங்கள் அனுப்பிய போட்டோவில் நான்கு புள்ளிகளும் தெளிவாகத் தெரிந்தன.

இப்போது லேப்டாப்புக்கு வருவோம்.

சொட்டுநீரில் கடைசி வரிசைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் எடுத்த எடுப்பில் மோட்டாரைக் கழற்ற மாட்டோம். ஃபில்டரில் அழுத்தம் இருக்கிறதா, சப்-மெயினில் வருகிறதா, பக்கத்து வரிசை நனைகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, எங்கே அடைப்பு என்று தெரிந்த பிறகுதான் கை வைப்போம். வீடியோவும் அப்படித்தான். எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் படம், உங்கள் நெட் வழியாக வந்து, பிரவுசருக்குள் நுழைந்து (குரோம், பயர்பாக்ஸ், எட்ஜ் என்று எதுவாக இருந்தாலும் பிரவுசர்தான்), லேப்டாப்பின் சக்தியால் விரிந்து திரைக்கு வருகிறது. இந்த நாலு இடத்தில் எங்கே வேண்டுமானாலும் நிற்கும். கடைக்காரர் சொன்ன 1,500 ரூபாய் வைத்தியம் கடைசி இடத்துக்கு மட்டும்தான். அடைப்பு அங்கே இல்லை என்றால் பணம் போகும், வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அடைப்பு எங்கே என்று பார்க்க யூடியூபிலேயே ஒரு வழி இருக்கிறது. வீடியோ ஓடும்போது அதன் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்துங்கள். ஒரு சின்னப் பட்டியல் விரியும். அதில் கடைசிப் பக்கமாக 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்று இருக்கும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதைத் தொட்டால் வீடியோவின் மூலையில் ஒரு கறுப்புப் பெட்டியில் எண்கள் ஓடும். அதில் நமக்கு வேண்டியது மூன்றே வரிகள்தான்.

'பஃபர் ஹெல்த்' என்று ஒரு வரி. இது தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதற்குச் சமம். அடுத்து எத்தனை நொடிக்கான படம் ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கிறது என்று காட்டும். 'கனெக்‌ஷன் ஸ்பீடு' என்பது தொட்டிக்குள் வரும் குழாய், அதாவது உங்கள் நெட்டின் வேகம். 'ஃப்ரேம்ஸ்' என்ற வரியில் 'டிராப்டு' என்று ஓர் எண் இருக்கும். படம் வந்து சேர்ந்தும், காட்ட முடியாமல் லேப்டாப் கைவிட்ட காட்சிகளின் கணக்கு அது.

பஃபர் ஹெல்த் சரசரவென்று இறங்கிப் பூஜ்யத்தைத் தொடும்போது வட்டம் சுற்றினால், குற்றம் நெட்டில். பஃபரில் இருபது, முப்பது நொடி தாராளமாக இருந்தும், டிராப்டு எண் மளமளவென்று ஏறி, படம் திக்கித் திக்கி நகர்ந்தால், நெட் சரியாக இருக்கிறது, லேப்டாப்தான் திணறுகிறது. இந்த ஒரு சோதனை உங்கள் 1,500 ரூபாய்க்குப் பதில் சொல்லிவிடும். பெரும்பாலான கடைக்காரர்கள் இதைப் பார்ப்பதே இல்லை என்பதுதான் என் வருத்தம். அவர்கள் கடை நெட்டில் வீடியோ நன்றாக ஓடும், 'சரியாகிவிட்டது' என்று கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்தால் பழைய கதை.

நாம் போனில் பேசிக்கொண்டே பார்த்தபோது உங்கள் பஃபர் பூஜ்யத்துக்கு வந்தது. வேகம் 900 கே.பி.பி.எஸ். அளவில் நின்றது. டிராப்டு எண் இரண்டைத் தாண்டவில்லை. ஆக, நெட்தான். அடுத்து, வீடியோவின் பல்சக்கரக் குறியைத் தொட்டு 'குவாலிட்டி' பார்க்கச் சொன்னேன். 720பி என்று யாரோ நிரந்தரமாக வைத்திருந்தார்கள். யூடியூப் தன் உதவிப் பக்கத்தில் கொடுக்கும் கணக்கு இது: 1080பி-க்கு நொடிக்கு 5 மெகாபிட், 720பி-க்கு 2.5, 480பி-க்கு 1.1, 360பி-க்கு 0.7. உங்களுக்கு வந்துகொண்டிருந்தது 0.9. இரண்டரை அங்குலக் குழாய் கேட்கிற இடத்தில் ஓர் அங்குலக் குழாய். 360பி வைத்ததும் நிற்காமல் ஓடியது. புழுவின் தலைக் கோட்டைப் பார்க்க 360பி போதும். இலையில் பேன் ஊர்வதைப் பார்க்க வேண்டும் என்றால்தான் அதற்கு மேல் தேவை.

இன்னொன்றும் செய்தீர்கள். நெட் உங்கள் கணவரின் போன் ஹாட்ஸ்பாட்டில் வருகிறது, போன் உள் அறையில் அலமாரிமேல் இருந்தது. அதைத் திண்ணை ஜன்னலுக்கு மாற்றியதும் 480பி-யும் ஓடியது. லேப்டாப் உள்ளேயே இருக்கலாம். டவர் சிக்னல் கிடைக்க வேண்டியது போனுக்குத்தான். செலவு ஒரு பைசா இல்லை.

அந்த 'பிளேயர் பழையது' விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். தயவுசெய்து அழுத்தாதீர்கள். ஒரு காலத்தில் பிரவுசரில் வீடியோ ஓட அடோபி ஃபிளாஷ் பிளேயர் என்று ஒன்று தேவைப்பட்டது உண்மைதான். 2020 டிசம்பர் 31-உடன் அடோபி நிறுவனமே அதை மூடிவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் படம் எதுவும் ஓடாதபடி அவர்களே தடுத்தும் விட்டார்கள். இன்று பிரவுசருக்குள்ளேயே வீடியோ ஓட்டும் வசதி இருக்கிறது. ஆகவே, இன்றைக்கு எந்தப் பக்கமாவது 'வீடியோ பார்க்க இதை இறக்குங்கள்' என்று கேட்டால், அது படம் காட்டக் கேட்கவில்லை. உங்கள் வீட்டுக்குள் வரக் கேட்கிறது. அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, அதே வீடியோவைப் பல்கலைக்கழகமோ, துறையோ, தெரிந்த சேனலோ போட்டிருக்கிறதா என்று தேடுங்கள்.

விண்டோஸ் 7 பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை 2020 ஜனவரி 14-உடன் நிறுத்திவிட்டது. குரோம் பிரவுசரில் 109-வது பதிப்புதான் விண்டோஸ் 7-ல் ஓடும் கடைசிப் பதிப்பு, 2023-ல் அதோடு முடிந்தது. பயர்பாக்ஸிலும் 115 என்ற பதிப்போடு சரி. இன்று ஓடுகிற தளங்கள் நாளை ஒவ்வொன்றாக 'உங்கள் பிரவுசர் பழையது' என்று கைவிரிக்கும். அதில் வங்கி வேலை மட்டும் பார்க்காதீர்கள். வீடியோ பார்க்க, ஓடும்வரை ஓடட்டும். 1,500 ரூபாய் கொடுத்து மறுபடியும் அதே விண்டோஸ் 7-ஐ ஏற்றுவதில் எந்தப் பயனும் இல்லை. செலவு செய்தே தீர வேண்டும் என்றால் ராமை 4 ஜி.பி. ஆக்கி, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை ஏற்றித் தரச் சொல்லுங்கள். மகளின் படங்கள், கோப்புகளை முதலில் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு கொடுங்கள். 'எல்லாவற்றையும் அழித்துவிட்டு' என்று கடைக்காரர் சொன்னது வெறும் பேச்சு இல்லை, நிஜமாகவே அழியும்.

''எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவன அலுவலகக் கம்ப்யூட்டரில் காலையில் திறந்தால் யூடியூப் உட்பட எந்தத் தளமும் வருவதில்லை. 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று ஆங்கிலத்தில் சிவப்பு எச்சரிக்கை. நெட் கம்பெனிக்காரர் லைன் சரியாக இருக்கிறது என்கிறார். உறுப்பினர்களை வரவழைத்து நெல் விதை நேர்த்தி வீடியோ காட்ட நினைத்து இரண்டு முறை ஏமாந்தோம்.''

- தலைமைச் செயல் அலுவலர், மன்னார்குடி.

எச்சரிக்கையின் அடியில் சின்ன எழுத்தில் 'டேட் இன்வேலிட்' என்று இருக்கிறதா பாருங்கள். திரையின் வலது கீழ் மூலையில் கம்ப்யூட்டர் என்ன தேதி காட்டுகிறது? 2009 ஜனவரி, 2012 ஜனவரி என்று ஏதாவது பழைய தேதி இருக்கும் என்று நினைக்கிறேன்.

பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழ் வைத்திருக்கும். விதைப் பாக்கெட்டில் சோதனை நாளும் காலாவதி நாளும் அச்சடித்திருப்பதுபோல, அந்தச் சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் 2009-ல் நின்றுகொண்டு பார்த்தால், இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் நம்ப மறுக்கிறது. தேதியையும் நேரத்தையும் சரிசெய்ததும் எல்லாத் தளமும் திறக்கும்.

ஆனால் மறுநாள் காலையில் திரும்பவும் இதே கதை என்றால், உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டது. டெஸ்க்டாப்பின் மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் மாதிரி வட்டமான பேட்டரி இருக்கும். சி.ஆர். 2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே தருவார்கள், விலையும் அதிகமில்லை. கரன்ட் இல்லாதபோதும் நேரத்தை நினைவில் வைத்திருப்பது அதுதான். ராத்திரியில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் அலுவலகங்களில் இது சீக்கிரம் வெளியே தெரிந்துவிடும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். எழுத்து இருக்கும் பக்கம் மேலே வரும்படி வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தேதி சரியாக இருந்தும் அந்தச் சிவப்புப் பக்கம் வந்தால், 'பரவாயில்லை, தொடர்' என்று உள்ளே போகாதீர்கள். அதுவும் அலுவலகக் கணக்கு வழக்கு இருக்கும் கம்ப்யூட்டரில் கூடவே கூடாது.

''தேனீ வளர்ப்பு ஆன்லைன் பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். யூடியூப் நன்றாக ஓடுகிறது. பயிற்சித் தளத்தில் மட்டும் வீடியோ இருக்க வேண்டிய இடம் வெள்ளையாகக் கிடக்கிறது. வீடியோ முழுவதும் பார்த்தால்தான் அடுத்த பாடம் திறக்கும், சான்றிதழும் தருவார்கள். கடைசி நாள் நெருங்குகிறது.''

- வாசகர், மார்த்தாண்டம்.

யூடியூப் ஓடுகிறது என்பதால் நெட்டும் கம்ப்யூட்டரும் தப்பின. மிச்சம் பிரவுசரும் அந்தத் தளமும்தான்.

முதலில் கன்ட்ரோல் பட்டனை அழுத்திக்கொண்டு எஃப்5. பக்கம் பழைய சரக்கை விட்டுவிட்டுப் புதிதாக வரும். அசையவில்லை என்றால், குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். 'இன்காக்னிட்டோ' என்ற கறுப்பு ஜன்னல் திறக்கும். அதில் தளத்துக்குள் நுழைந்து பாருங்கள். அந்த ஜன்னலில், சாதாரணமாக உங்கள் பிரவுசரில் ஒட்டிக்கொண்டிருக்கும் கூடுதல் செருகல்கள் எதுவும் வேலை செய்யாது, பழைய குக்கீகளும் இருக்காது. அங்கே வீடியோ வந்துவிட்டால், குற்றவாளி உங்கள் பிரவுசருக்குள்தான் இருக்கிறான். பாதி நேரம் அது விளம்பரத் தடுப்புச் செருகலாக இருக்கும். விளம்பரம் என்று நினைத்துப் பாடத்தையும் சேர்த்துத் தடுத்துவிடும். அந்தத் தளத்துக்கு மட்டும் அதை நிறுத்தி வையுங்கள்.

செருகல் எதுவும் இல்லை என்றால் குக்கீ. முகவரிக்கு இடப் பக்கம் உள்ள சின்னக் குறியைத் தொட்டு, அந்த ஒரு தளத்தின் குக்கீகளை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி நுழையுங்கள். பலரும் கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் அழுத்தி எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழுவிவிடச் சொல்வார்கள். ஒரு வரிசை அடைத்தால் மொத்தக் குழாயையும் பிடுங்கும் வேலை அது. அதில் 'பாஸ்வேர்டு' கட்டத்தில் டிக் இருந்தால், சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளும் போய்விடும். பயிற்சித் தளத்தின் பாஸ்வேர்டே மறந்துபோய் நிற்பீர்கள்.

கறுப்பு ஜன்னலிலும் வரவில்லை, வேறு பிரவுசரிலும் வரவில்லை, நண்பர் வீட்டிலும் வரவில்லை என்றால் கோளாறு அவர்கள் பக்கம். நீங்கள் என்ன செய்தாலும் சரியாகாது. திரையை ஒரு படம் பிடித்து, தேதி, நேரம், எந்தப் பாடம், எந்த பிரவுசர் என்று எழுதி, கடைசி நாளுக்கு முன்பே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பிறகு கால அவகாசம் கேட்க அந்த மின்னஞ்சல்தான் ஆதாரம். போனில் சொன்னதற்கு யாரும் சாட்சி இல்லை.

''குரல் கேட்கிறது. படம் கறுப்பாக இருக்கிறது, சில நேரம் பச்சையாக.''

- வாசகர், சங்ககிரி.

படத்தை விரிக்கும் வேலையைப் பிரவுசர், கம்ப்யூட்டரின் கிராஃபிக்ஸ் பகுதியிடம் ஒப்படைக்கிறது. பழைய கம்ப்யூட்டர்களில் இருவருக்கும் ஒத்துப்போகாது. குரோமில் வலது மேல் மூலை மூன்று புள்ளி, செட்டிங்ஸ், சிஸ்டம். அங்கே 'யூஸ் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷன்' (பழைய பதிப்பில் 'ஹார்டுவேர் ஆக்சிலரேஷன்') என்று இருப்பதை அணைத்துவிட்டு, பிரவுசரை மூடித் திறங்கள். படம் வந்துவிட்டால் அப்படியே விட்டுவிடலாம். கொஞ்சம் சூடாகும், ஃபேன் சத்தம் போடும், அவ்வளவுதான். கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தால் இதற்கு முழுத் தீர்வு கிடைக்கும். ஆனால் அதையும் கம்ப்யூட்டர் கம்பெனியின் தளத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும்.

''காலையில் வீடியோ நன்றாக ஓடுகிறது. சந்தைக்குப் போய்விட்டு வந்து சாயங்காலம் பார்த்தால் 144பி கூட ஓடுவதில்லை. போனை மாற்றச் சொல்கிறார்கள்.''

- வாசகர், ஒட்டன்சத்திரம்.

போனை மாற்றாதீர்கள். உங்கள் திட்டத்தில் ஒரு நாளைக்கு இவ்வளவு ஜி.பி. என்று இருக்கும். பையன்கள் பகலில் அதைத் தீர்த்துவிட்டால், அதற்குப் பிறகு நெட் நின்றுவிடாது, ஆனால் பல திட்டங்களில் 64 கே.பி.பி.எஸ். என்ற வேகத்துக்கு இறங்கிவிடும். 360பி ஓடத் தேவையான வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட அது இல்லை. வாட்ஸ்அப் எழுத்து போகும், வீடியோ நகராது. நள்ளிரவு தாண்டினால் புதுக் கணக்கு, அதனால்தான் காலையில் நன்றாக ஓடுகிறது. யூடியூப் ஆப்பில் பல வீடியோக்களின் கீழ் 'டவுன்லோட்' என்று இருக்கும். தேவையான வீடியோவைக் காலையிலேயே அதில் சேமித்துவிட்டால், சாயங்காலம் தோட்டத்தில் நெட் இல்லாமலே பார்க்கலாம்.

''இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. எங்கள் விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் 'மானியப் பயனாளிகள் பட்டியல் - வீடியோ விளக்கம்' என்று அரசு முத்திரையுடன் ஒரு ஃபைல் வந்தது. தொட்டால், வீடியோ பார்க்க இன்ஸ்டால் செய்யச் சொன்னது. செய்தேன். எஸ்.எம்.எஸ். அனுமதி கேட்டது, கொடுத்தேன். வீடியோ எதுவும் வரவில்லை. அன்று இரவு கணக்கிலிருந்து மூன்று தடவையாக 18,400 ரூபாய் போய்விட்டது. வெங்காயம் விற்ற பணம். நான்கு நாள் ஆகிறது, வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அந்த ஆப்பை அழித்துவிட்டால் போதுமா?''

- ஊரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்.

ஐயா, அழித்தால் போதாது. இதைப் படிக்கும் நிமிடமே எழுந்து செய்ய வேண்டிய வேலை இது. உங்களுக்கும் அன்றே போனில் சொன்னேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

அந்தப் போனை ஃபிளைட் மோடில் போடுங்கள். வீட்டில் உள்ள வேறு போனிலிருந்து வங்கிக்குப் பேசி, கணக்கையும் யு.பி.ஐ.யையும் நிறுத்தச் சொல்லுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உடனே 1930-க்கு அழையுங்கள். இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அங்கே இன்னும் இருந்தால் தடுத்து நிறுத்த முயல்வார்கள். அதனால்தான் முதல் சில மணி நேரம் தங்கம். நான்கு நாள் கழித்து என்றாலும் செய்யத்தான் வேண்டும். ரிசர்வ் வங்கி 2017-ல் வெளியிட்ட விதிப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணம் அவர் நஷ்டம்தான். ஆனால் அவர் வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. வெட்கப்பட்டுச் சும்மா இருக்கும் ஒவ்வொரு நாளும் மிச்சப் பணமும் ஆபத்தில் இருக்கிறது.

என்ன நடந்தது என்பதையும் சொல்கிறேன். உங்களுக்கு வந்தது வீடியோ இல்லை. ஃபைலின் பெயர் கடைசியில் ஏ.பி.கே. என்று முடிந்திருக்கும். அது ஒரு ஆப். வீடியோ என்றால் எம்.பி.4 என்று முடியும், தொட்டவுடன் ஓடும், எதையும் இன்ஸ்டால் செய்யச் சொல்லாது. எஸ்.எம்.எஸ். அனுமதி கொடுத்ததும், வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. உங்கள் கண்ணில் படும் முன்பே அவனுக்குப் போய்விட்டது. படம் காட்டுவதற்கு எஸ்.எம்.எஸ். எதற்கு என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் தப்பியிருக்கலாம். அந்த நேரத்தில் அது தோன்றாது, மானியப் பட்டியல் என்றதும் கை தானாகப் போகும். பி.எம். கிசான் பெயரிலும் இதேபோல் போலி ஆப்கள் சுற்றுகின்றன.

ஆப்பை அழிக்கப் பார்த்தால் சில சமயம் அழியாது. போனின் செட்டிங்ஸில் 'அக்சஸிபிலிட்டி' பகுதியிலும், 'டிவைஸ் அட்மின்' பகுதியிலும் அது தனக்கு அனுமதி வாங்கி வைத்திருக்கும். அதை எடுத்துவிட்டுத்தான் அழிக்க முடியும். என் யோசனை, போலீஸில் புகார் கொடுத்து, குறுஞ்செய்திகளையும் அந்த வாட்ஸ்அப் தகவலையும் காட்டி முடித்த பிறகு, போட்டோக்களை எடுத்து வைத்துக்கொண்டு, போனை முழுவதும் 'ஃபேக்டரி ரீசெட்' செய்துவிடுங்கள். அதுவரை அந்தப் போனில் வங்கி ஆப்பைத் திறக்காதீர்கள். பாஸ்வேர்டு, யு.பி.ஐ. பின் எல்லாவற்றையும் வேறு போனிலிருந்து மாற்றுங்கள்.

அப்புறம், அந்தக் குழுவில் இன்றே சொல்லிவிடுங்கள். இந்த ஆப்களில் சில, உங்கள் போனிலிருந்தே உங்கள் பெயரில் மற்றவர்களுக்கு அந்த ஃபைலை அனுப்பும். குழுவில் உங்களுக்கு அனுப்பியவரும் இப்படி ஏமாந்தவராக இருக்கலாம், அவரோடு சண்டை வேண்டாம். வீட்டிலும் சொல்லிவிடுங்கள் ஐயா. வேறு போன் வேண்டும், வங்கிக்குக் கூட யாராவது வர வேண்டும், தனியாகச் செய்கிற வேலை இல்லை இது.

(இதழ் அச்சுக்குப் போகும்முன் அந்த வாசகர் பேசினார். ஒரு தவணை, 6,000 ரூபாய், போன கணக்கிலேயே முடக்கப்பட்டிருப்பதாக வங்கியில் சொல்லியிருக்கிறார்கள். திரும்பக் கிடைக்கக் காவல்துறை நடவடிக்கை முடிய வேண்டும். மற்ற இரண்டு தவணைகளும் அன்றிரவே எடுக்கப்பட்டுவிட்டன.)

''டிராக்டர் ஷெட்டில் உட்கார்ந்து போனில் வீடியோ பார்த்தால் படம் மட்டும் வருகிறது, சத்தம் இல்லை. வீட்டில் வந்து பார்த்தால் சத்தமும் வருகிறது. சத்தத்தை முழுசாக வைத்தும் பார்த்துவிட்டேன்.''

- வாசகர், பல்லடம்.

சத்தம் வருகிறது, உங்கள் போனில் இல்லை, டிராக்டரில். புளூடூத் பாட்டுப்பெட்டி மாட்டியிருக்கிறீர்களா? ஷெட்டுக்குள் போனதும் போன் தானாக அதோடு சேர்ந்துகொள்ளும். புளூடூத்தை அணையுங்கள்.

கேள்வி அனுப்புகிறவர்கள், போனா கம்ப்யூட்டரா, எந்த பிரவுசர், திரையில் என்ன எழுத்து வருகிறது என்பதை அப்படியே எழுதி அனுப்புங்கள். 'ஏதோ இங்கிலீஷில் வருகிறது' என்று எழுதினால் எனக்கும் தெரியாது. முடிந்தால் வேறொரு வீடியோ ஓடுகிறதா, வேறொரு நெட்டில் ஓடுகிறதா என்று பார்த்து அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அடுத்த இதழில், வானிலை ஆப்கள் இரண்டு ஒரே ஊருக்கு இரண்டு விதமாக மழை சொல்வது ஏன் என்று கேட்டிருக்கும் கீரமங்கலம் வாசகருக்குப் பதில்.